அணைப்பதற்கும் ஒரு முறை உண்டு!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணினி அறிவியல்)

புதிதாக ஒரு கருவி வந்து இறங்கினால் நம் நாட்டில் அதற்கு நடக்கும் மரியாதையே தனி. சந்தனம் தெளிக்கிறோம்; குங்குமம் வைக்கிறோம்; எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம்; பெரியவர் ஒருவரை அழைத்துக் குத்துவிளக்கு ஏற்றச் செய்கிறோம். ஆண்டு மலரில் படமும் போட்டு விடுகிறோம். ஆனால் அதே கருவி உழைத்துக் களைத்து ஓய்வு பெறும் நாளில் நடப்பது என்ன? யாரோ ஒருவர் சுவிட்சை அணைக்கிறார். யாரோ ஒருவர் மூலையில் தள்ளுகிறார். பிறகு யாரோ ஒருவர் எடைக்குப் போடுகிறார். அந்த 'யாரோ' யார் என்று கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை!

நாற்காலி, மேசை என்றால் இதனால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. சர்வர் என்றால்?

சர்வர் என்றதும் நம் விடுதி நண்பர்கள் தோசைத் தட்டோடு வருபவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது, படங்களையும் ஒலிப்பதிவுகளையும் வீடியோக்களையும் சேர்த்து வைத்து, கேட்டவருக்குக் கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் சேமிப்புக் கணினியை. போட்டோ ஸ்டுடியோவில் இருக்கிறது. தொலைக்காட்சி நிலையத்தில் இருக்கிறது. இன்று கல்லூரிகளிலும் இருக்கிறது. இப்படிப்பட்ட கணினி ஒன்று இனித் தேவையில்லை என்று ஆகும்போது அதற்கு எப்படி விடை கொடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். இது பொறியாளர்களின் கவலை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் நான் ஒரு பிழை செய்தவன். அந்தப் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் செய்த பிழை

நான் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். அப்பா விசைத்தறியில் கூலி வேலை. அம்மா பீடி சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்பதற்குத் தாசில்தார் கையெழுத்திட்ட சான்றிதழே என்னிடம் இருக்கிறது! விடுமுறை நாட்களில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்துப் பேருந்துச் செலவையும் புத்தகச் செலவையும் பார்த்துக்கொள்கிறேன்.

நான் முதலாண்டு படித்தபோது, ஸ்டுடியோவில் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று கிடந்தது. "அதுல உள்ளது எல்லாம் சர்வர்ல இருக்குல்லா தம்பி, அதை அழிச்சுட்டுப் புதுக் கல்யாணத்துக்கு எடுத்துக்கோ" என்றார் கடை அண்ணாச்சி. நானும் சரிபார்க்கவில்லை. பார்மட் செய்தேன். அடுத்தடுத்து மூன்று திருமண வீடியோக்களை அதில் ஏற்றினேன். வேலை முடிந்தது என்ற பெருமை வேறு!

ஆடி மாதத்தில் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் கேரளத்தில் சுமை தூக்கப் போன இடத்தில் இறந்துவிட்டார். மகளின் காது குத்து விழாவில் மகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் சிரிக்கும் படம் ஒன்றை எங்கள் ஸ்டுடியோதான் எடுத்தது. முதலாண்டு நினைவு நாளுக்கு அதைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்றார். ஆதார் அட்டையில் உள்ளதைத் தவிர அவர் முகம் தெரியும் படம் வேறு எதுவும் வீட்டில் இல்லையாம்.

மூன்று நாள் தேடினோம். சர்வரில் இல்லை. அது இருந்த ஒரே இடம் நான் அழித்த ஹார்டு டிஸ்க். வெறுமனே பார்மட் மட்டும் செய்திருந்தால் மீட்பு மென்பொருள் கொண்டு ஓரளவு மீட்டிருக்கலாம். நானோ அதன் மேல் மூன்று கல்யாணங்களை எழுதிவிட்டேன். மேலே எழுதிய பிறகு அடியில் இருந்தது மீளாது.

அந்த அம்மா கோபப்படவில்லை. "பரவாயில்ல தம்பி, மனசுல இருக்குல்லா" என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டார். வகுப்பில் எத்தனையோ முறை தலைகுனிந்து நின்றிருக்கிறேன். அன்று குனிந்த குனிவு வேறு.

ஏடு சொல்லும் பாடம்

இந்தப் பிழை கணினியோடு பிறந்தது அன்று. எங்கள் ஊருக்கு அருகில்தான் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த உ. வே. சாமிநாதையர் அந்த ஊர்க் கோயிலுக்கும் வந்தார். அங்கே ஏட்டுச் சுவடிகள் நிறைய இருந்ததாகக் கேள்விப்பட்டு ஆவலோடு விசாரித்தார். கிடைத்த விடை என்ன தெரியுமா? சிதிலமாகிப் போன ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டார்களாம்! சாத்திர விதிப்படியே செய்ததாக அவர்கள் நம்பினார்கள். ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கமும் நம்மிடையே இருந்தது.

இங்கே ஒன்றை நுணுகி நோக்க வேண்டும். பழைய ஏட்டைக் கழிப்பது தவறே இல்லை. ஓலை கரையானுக்கும் காலத்துக்கும் இரையாகும் பொருள். அதனால்தான் நம் முன்னோர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பிரதி செய்து வந்தார்கள். சங்க நூல்கள் நம் கைக்கு வந்ததே அப்படிப் பிரதி செய்த கைகளால்தான். முதலில் பிரதி, பிறகு ஒப்பு நோக்கல், அதன் பிறகே கழித்தல். இந்த வரிசையில் முன்னிரண்டையும் மறந்து மூன்றாவதை மட்டும் பக்தியோடு செய்தபோதுதான் கேடு விளைந்தது. கரிவலம்வந்தநல்லூரில் ஓமம் செய்தவர்களுக்கும் ஸ்டுடியோவில் பார்மட் செய்த எனக்கும் என்ன வேறுபாடு? அவர்களிடம் நெய் இருந்தது. என்னிடம் சுட்டி இருந்தது!

இரு பக்கமும் பள்ளம்

இது பட்டிக்காட்டுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். 1969ஆம் ஆண்டு ஜூலையில் நிலவில் மனிதன் கால் வைத்தான். அக்காட்சியை மூலத் தரத்தோடு பதிவு செய்திருந்த காந்த நாடாக்கள், பின்னாளில் நாடாப் பற்றாக்குறை வந்தபோது அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நாசாவே தேடிப் பார்த்து 2009இல் அறிவித்தது. நாம் இன்று பார்ப்பவை தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக மாற்றிய வடிவத்தின் பதிவுகள். நிலவுக்குப் போய் வரத் தெரிந்தவர்களுக்கு நாடாவைக் காக்கத் தெரியவில்லை!

மைஸ்பேஸ் என்னும் இணையதளம் 2019இல் ஒரு செய்தியை ஒப்புக்கொண்டது. சர்வர் மாற்றும் பணியின்போது, 2016க்கு முன் மக்கள் ஏற்றி வைத்த பாடல்களும் படங்களும் வீடியோக்களும் போய்விட்டன என்பதே அச்செய்தி. பன்னிரண்டு ஆண்டுச் சேமிப்பு. ஏறத்தாழ ஐந்து கோடிப் பாடல்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆய்வுக்காக யாரோ முன்பே பிரதி எடுத்து வைத்திருந்த சுமார் 4,90,000 பாடல்கள் மட்டும் பிறகு இணைய ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. பிழைத்தவை அனைத்தும் பிரதியால் பிழைத்தவையே!

இது ஒரு பக்கத்துப் பள்ளம். இருக்க வேண்டியது அழிந்து போவது. மறுபக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. அழிய வேண்டியது அழியாமல் பிறர் கைக்குப் போவது.

அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷேலத் என்னும் இருவர் பழைய ஹார்டு டிஸ்க்குகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். இயங்கியவை 129. அவற்றுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே! மற்றவற்றில் கடன் அட்டை எண்களும் சொந்தக் கடிதங்களும் மருத்துவச் செய்திகளும் கிடந்தன. மார்கன் ஸ்டான்லி என்னும் பெரிய நிதி நிறுவனம், தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் தூக்கும் நிறுவனத்திடம் பழைய சர்வர்களை ஒப்படைத்தது. வாடிக்கையாளர் விவரங்களோடு அவற்றில் சில ஏலத்துக்கே போய்விட்டன. 2022இல் அந்நாட்டுப் பங்குச்சந்தை ஆணையம் அந்நிறுவனத்துக்கு விதித்த தண்டத் தொகை 3 கோடியே 50 இலட்சம் டாலர்!

நம் ஊர் ஸ்டுடியோ சர்வரில் டாலர் கணக்கு இல்லைதான். ஆனால் என்னவெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பெண் பிள்ளைகளின் சடங்கு வீட்டுப் படங்கள். பாஸ்போர்ட் அளவுப் படங்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களின் ஆதார், குடும்ப அட்டை ஸ்கேன்கள். இவை துடைக்கப்படாமல் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறினால், அங்கிருந்து எவர் கைக்குப் போகும் என்று எவரால் சொல்ல முடியும்? கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று நாம் விற்பது இரும்பை மட்டும்தானா?

'உபரி' என்று யார் சொன்னது?

பழைய சர்வரைக் கழிக்கும்போது எல்லோரும் சொல்லும் சொல் ஒன்று உண்டு: "இது உபரி. இதில் உள்ளது வேறிடத்திலும் இருக்கிறது." இந்த ஒரு வாக்கியம்தான் ஆபத்தின் தாய் என்பது எனது தாழ்மையான கருத்து. உபரி என்பது நிரூபிக்க வேண்டிய செய்தி. நம்பிக்கொள்ள வேண்டிய செய்தி அன்று.

சேமிப்பு சர்வர்களில் ரெய்டு என்றொரு ஏற்பாடு உண்டு. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் விளக்கி எழுதிய முறை அது. ஸ்டுடியோவின் பழைய சர்வரில் நான்கு டெராபைட் டிஸ்க் நான்கு இருந்தன. மொத்தம் பதினாறு, ஆனால் எழுதக் கிடைப்பது பன்னிரண்டே. மீதி நான்கின் இடத்தில், ஏதேனும் ஒரு டிஸ்க் செத்தால் அதிலிருந்ததைக் கணக்கிட்டு மீட்டெடுக்கும் குறிப்புகள் பரவியிருக்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் நம் கையே தவறாக ஒரு கோப்பை அழித்தால் ரெய்டு என்ன செய்யும்? நான்கு டிஸ்க்கிலிருந்தும் ஒழுங்காக அழித்துக் கொடுக்கும்! ஆகவே ரெய்டு வேறு, பேக்கப் வேறு. டிஸ்க் சாவதிலிருந்து அது காக்கும். மனிதன் தவறுவதிலிருந்து காக்காது.

பேக்கப் இருக்கிறது என்று வாயால் சொல்வதும் போதாது. கிட்லேப் என்னும் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று, பொறியாளர் ஒருவர் துணை சர்வர் என்று எண்ணி முதன்மை சர்வரின் தரவுகளை அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன; அவசரத்துக்கு ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு பிரதிதான் மானம் காத்தது. அவர்கள் செய்த நல்ல காரியம், நடந்ததை மறைக்காமல் முழுவதும் எழுதி வெளியிட்டதுதான். அதைப் படித்தே என் போன்றோர் இன்று கற்கிறோம்.

முறையாக விடை கொடுத்தோம்

இவ்வாண்டு மார்கழியில் அண்ணாச்சி புதிய சர்வர் வாங்கினார். "தம்பி, பழசுல உள்ளது எல்லாம் புதுசுக்குப் போயாச்சு. துடைச்சு இரும்புக் கடையில போட்டுருவோமா?" என்றார். இம்முறை நான் அவகாசம் கேட்டேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை. அந்த அம்மா வந்த நாள் அவருக்கும் நினைவிருந்தது. நாங்கள் செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி, பட்டியல். சர்வருக்குள் என்னென்ன இருக்கிறது, யார் யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். எது பழைய சர்வர், எது புதியது என்று இரண்டின் மேலும் பெரிய எழுத்தில் தாள் ஒட்டினோம். கிட்லேப் கதை தந்த பாடம் அது.

இரண்டாம் படி, ஒப்பு நோக்கல். கோப்புகளின் எண்ணிக்கையை எண்ணிப் பார்த்தோம். புதியதில் ஆயிரத்துக்கு மேல் குறைந்தது! காரணம் என்ன என்று தேடியபோது வேடிக்கையான உண்மை வெளிப்பட்டது. விண்டோஸில் ஒரு கோப்பின் முழு முகவரி வழக்கமாக 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும். எங்கள் ஸ்டுடியோவிலோ 'இல்லத் திருமண வரவேற்பு விழா' என்று தமிழில் நீள நீளமாகப் பெயரிடுவது வழக்கம். 'கோ' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்குக் ககரம் ஒன்று, துணைக்குறி ஒன்று என இரண்டு. பழைய சர்வரில் எப்படியோ அடங்கியிருந்த பெயர்கள், புதியதில் ஒரு கூடுதல் கோப்புறைக்குள் ஒட்டப்பட்டபோது எல்லை தாண்டிவிட்டன. நகலெடுக்கும் நிரல், 'இவற்றைத் தவிர்க்கவா?' என்று கேட்டிருக்கிறது. அவசரத்தில் யாரோ 'எல்லாவற்றையும் தவிர்' என்று அழுத்திவிட்டார்கள். தமிழில் பெயர் வைத்த குடும்பங்கள்தாம் தவிர்க்கப்பட்டன!

எண்ணிக்கை சரியானாலும் உள்ளடக்கம் சரியா என்று எப்படி அறிவது? அதற்கு ஹாஷ் என்றொரு கணக்கு இருக்கிறது. எவ்வளவு பெரிய வீடியோவாக இருந்தாலும் அதைக் கணக்கிட்டு 64 குறிகள் கொண்ட கைரேகை போன்ற ஒன்றைத் தருவது ஷா-256 என்னும் முறை. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை அடியோடு மாறிவிடும். வகுப்பில் கற்ற பைத்தானில் முப்பது வரி நிரல் எழுதி, இரண்டு சர்வர்களின் கைரேகைகளையும் ஒப்பிட்டேன். இரண்டு இரவுகள் ஓடியது. பொருந்தாதவற்றை மறுபடி நகலெடுத்து மறுபடி ஒப்பிட்டேன். தேர்வுக்குப் படித்த நிரல் ஒரு மனிதருக்குப் பயன்பட்டது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மூன்றாம் படி, இன்னொரு பிரதி. பழையதை அழித்த மறுகணமே புதியது ஒரே பிரதியாகி விடுகிறது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தென்கொரியாவின் தேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அழிந்தன. அவற்றுக்கு வெளியே பிரதி இல்லை. கணினியில் கரைகண்ட நாட்டுக்கே இக்கதி! மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ இருக்க வேண்டும் என்ற விதியைப் பரப்பியவர் பீட்டர் குரோ என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். நம் தொழில்காரர்! எங்களால் முடிந்தது இரண்டாவது பிரதி ஒன்றை எடுத்து அண்ணாச்சி வீட்டு அலமாரியில் வைத்ததுதான். அங்கிருந்து பத்து ஆல்பங்களைத் திறந்து பார்த்துச் சரி என்று குறித்துக்கொண்டோம்.

நான்காம் படி, காத்திருத்தல். பழைய சர்வரின் நெட்வொர்க் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, அழிக்காமல் அப்படியே வைத்தோம். இரண்டாம் நாளே மாடியறையில் ஆல்பம் வடிவமைக்கும் அண்ணன் கூச்சல் போட்டார். அவருடைய மாதிரிப் பக்கங்கள் எல்லாம் பழைய சர்வரிலிருந்தே திறந்து வந்திருக்கின்றன! எங்கள் பட்டியலில் அது விடுபட்டிருந்தது. அழித்துவிட்டுக் கேட்கும் கூச்சலுக்கு மருந்தில்லை. அழிக்குமுன் கேட்கும் கூச்சலுக்குக் கம்பியை மறுபடி செருகினால் போதும். பங்குனி வரை காத்திருந்தோம்.

ஐந்தாம் படி, துடைத்தல். 'டெலிட்' என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. பாடங்கள் உள்ளேயே இருக்கும். சாதாரண பார்மட்டும் பெரும்பாலும் அப்படியே. சுழலும் தட்டு டிஸ்க்கென்றால் முழுவதும் மேலெழுத வேண்டும். நான்கு டெராபைட் டிஸ்க் ஒன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். எஸ்எஸ்டி வகைக்கு மேலெழுதல் மட்டும் போதாது. அது தேய்மானத்தைப் பகிர்வதற்காகத் தரவை உள்ளுக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அதற்கென்று உற்பத்தியாளர் தரும் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2014இல் திருத்தி வெளியிட்ட தன் வழிகாட்டி நூலில் துடைத்தல், மீட்க இயலாதவாறு நீக்கல், உடைத்தழித்தல் என மூன்று நிலைகளை வகுத்திருந்தது. எங்கள் நான்கில் ஒரு டிஸ்க் பழுதாகி, எழுதவே மறுத்தது. அதை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போய்த் தட்டுகளில் துளையிட்டு வாங்கி வந்தோம்.

ஆறாம் படி, ஒப்படைத்தல். 2022ஆம் ஆண்டு மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் மின்கழிவு சேர வேண்டும் என்பது அவற்றின் நோக்கம். சர்க்யூட் பலகையில் ஈயம் இருக்கிறது. இரும்புக் கடைக்குப் பின்னால் அதை எரித்தால் அந்தப் புகை நம் தெருப் பிள்ளைகளின் மூச்சில்தான் கலக்கும். கடைசியாக, என்று, எதை, யார் அழித்தோம் என்று நோட்டில் எழுதி அண்ணாச்சியும் நானும் கையெழுத்திட்டோம். அதன் பின் அது 'யாரோ' செய்த வேலையாக இருக்கவில்லை.

எதிர்வாதங்கள்

"இவ்வளவு வேலைக்கு ஆள் எங்கே? நேரம் எங்கே?" என்று சிலர் கேட்கலாம். ஹாஷ் கணக்கிடுவதும் டிஸ்க்கைத் துடைப்பதும் கணினி தானே செய்யும் வேலைகள். நாங்கள் உட்கார்ந்து உழைத்த நேரத்தைக் கூட்டினால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் வராது. மீதி எல்லாம் காத்திருப்பு. காத்திருக்கக் காசு கேட்பதில்லை.

"அப்படியென்றால் எல்லாவற்றையும் என்றென்றும் வைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?" என்றும் கேட்கலாம். வேண்டாம் என்பதே என் விடை. நோக்கம் முடிந்த பின் தனிமனிதத் தரவை அழிக்க வேண்டும் என்னும் கடமையை 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வகுத்திருக்கிறது. யாருடைய ஆதார் ஸ்கேனையோ நாம் ஏன் சுமக்க வேண்டும்? எங்கள் நோட்டிலும், வைப்பன, உரியவரைக் கேட்டு முடிவு செய்வன, உடனே அழிப்பன என்று மூன்று பத்திகள் போட்டிருந்தோம். அழிப்பது குற்றமில்லை. எதை அழிப்பது என்று ஒரு மனிதன் யோசித்து முடிவு செய்ய வேண்டும். 'எல்லாவற்றையும் தவிர்' என்னும் பொத்தான் முடிவு செய்யக் கூடாது.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியிலும் பழைய சேமிப்புக் கணினி இருக்கிறது. ஆண்டு விழா நாடகங்கள், பணிநிறைவு பெற்ற பேராசிரியர்களின் விடையுரைகள், தமிழ் மன்றத்துப் பேச்சுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. புதிய கருவி ஒரு நாள் வரும், வரவும் வேண்டும். அன்று பழையதை முறையாக ஓய்வுபெறச் செய்ய மூன்று ஏற்பாடுகளை முன்மொழிகிறேன். ஒன்று, எந்தச் சேமிப்புக் கணினியானாலும் ஹாஷ் ஒப்பிட்டுச் சரிபார்த்த பட்டியல் இல்லாமல் அழிக்கக் கூடாது. இரண்டு, கம்பியைக் கழற்றிய பின் ஒரு பருவம் முழுவதும் காத்திருக்க வேண்டும். மூன்று, துறைத் தலைவர் ஒருவர், மாணவர் ஒருவர் என இரு கையெழுத்தோடு பதிவேட்டில் குறித்த பின்பே அதை வெளியே அனுப்ப வேண்டும். சரிபார்க்கும் வேலைக்குக் கணினி அறிவியல் மாணவர்களாகிய நாங்கள் இருக்கிறோம். எங்களுக்கு அது செய்முறைப் பயிற்சியும் ஆகும்.

வசதி படைத்தவர் வீட்டுப் படங்கள் நான்கு கைபேசியிலும் மூன்று நாட்டிலும் இருக்கும். என்னைப் போன்றோர் வீட்டு நிலை அப்படியன்று. என் பாட்டியின் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அம்மாவின் கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்றது. எங்கள் வாழ்க்கைக்குச் சான்று என்று ஏதேனும் இருந்தால், அது ஏதோ ஒரு ஸ்டுடியோவிலோ பள்ளியிலோ கல்லூரியிலோ மேசைக்கு அடியில் முனகிக்கொண்டிருக்கும் பழைய சர்வரில்தான் இருக்கிறது. அதுவும் ஒரே பிரதியாக. அதை அணைக்கப் போகும் கை இன்று படித்த கையாகி இருக்கிறது. படித்ததன் பயன், அணைக்கும் முன் ஒரு முறை சரிபார்ப்பதாவது இருக்க வேண்டாமா?

காது குத்து விழாவில் மகளை மடியில் வைத்துச் சிரித்த அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. இனி எவரும் பார்க்கப் போவதும் இல்லை. அந்த அம்மாவின் மனத்தில் மட்டும் அது இருக்கிறது. மனத்துக்குப் பிரதி கிடையாது, நண்பர்களே!

விளக்கேற்றித் தொடங்கி வைக்க அறிந்த நாம், பொறுப்போடு முடித்து வைக்கவும் கற்போம்!